நாயைத் தினமும் தடவிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் செல்ல நாய்களுக்கான அழகு நிலையங்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். நுரைத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் பொமரேனியன், தலையில் ரிப்பன் கட்டிய ஷிட்சூ, வாசலுக்கே வரும் குளியல் வேன், ஒரு முறைக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று கட்டண விவரம் எல்லாம் இருந்தது. நாய் வளர்ப்பவர்கள் அதன் சுத்தத்துக்காகச் செலவழிக்க முன்வருவது நல்ல விஷயம்தான். அதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் உண்ணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நகம் என்று வந்த இடத்தில் நகப்பூச்சைப் பற்றி எழுதியிருந்தார்கள். காது, பல், நாய் படுக்கிற சாக்கு எதுவுமே வரவில்லை. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல்தான் இந்தக் கடிதம்.

நான் கால்நடை பராமரிப்புத் துறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சேத்தூர், வத்திராயிருப்பு என்று விருதுநகர் மாவட்டத்தில் பல ஊர் மருந்தகங்களில் வேலை பார்த்திருக்கிறேன். டாக்டர் ஊசி போடும்போது ஆட்டையும் மாட்டையும் நாயையும் பிடித்துக்கொள்வது, புண்ணைக் கழுவுவது, கட்டுப் போடுவது, மேசையைத் துடைப்பது இதெல்லாம் என் வேலை. மருத்துவம் படித்தவள் இல்லை. இங்கே சொல்பவை டாக்டர்களிடம் கேட்டும், அந்த மேசையருகே நின்று பார்த்தும் தெரிந்துகொண்டவை. ஒரு நாயின் உடம்பில் எந்த இடத்தில் என்ன தட்டுப்படும் என்பது என் கைக்குப் பழக்கம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாயைக் குளிப்பாட்டுவதைவிட, தினமும் ஒரு முறை தலையிலிருந்து வால் வரை கையால் தடவிப் பார்ப்பது முக்கியம். குளியல் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். தடவிப் பார்ப்பதை ஒரு நாளும் விடக் கூடாது.

அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். எங்கள் வீட்டில் முத்து என்று ஒரு ராஜபாளையம் பெண் நாய் இருக்கிறது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்ததும் அது தானாக வந்து முன்னால் நிற்கும். முதலில் காது மடலைத் திருப்பி உள்ளே பார்ப்பேன். அப்புறம் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு அது இருந்த இடத்தைச் சுற்றி விரலால் தேய்ப்பேன். முன்னங்கால் அக்குள், தொடையிடுக்கு, வாலடி, கடைசியாக ஒவ்வொரு பாதமாகத் தூக்கி விரல்களுக்கு நடுவே பார்ப்பேன். உண்ணி விரும்பி உட்காருவது இந்த இடங்களில்தான். முதுகை மட்டும் தடவிக் கொடுத்துவிட்டு, எங்கள் நாயிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்பவர்கள் அநேகம் பேர். அவர்கள் நாயின் காலைத் தூக்கிப் பார்த்தால் திடுக்கிட்டுப் போவார்கள்.

குட்டியிலிருந்தே காலையும் காதையும் வாயையும் தொட்டுப் பழக்கிவிட வேண்டும். அப்படிப் பழகாத நாய் மருந்தக மேசையில் படுகிற பாட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நகத்தை வெட்ட வாயைக் கட்டி மூன்று பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். நாய்க்கும் பயம், பிடிப்பவர்களுக்கும் பயம். வீட்டில் அன்றாடம் ஒருவர் பாதத்தைப் பிடித்துப் பார்த்திருந்தால் அந்தப் போராட்டமே வராது.

எங்கள் தெருவில் ஒரு லேப்ரடார் இருந்தது. அந்த வீட்டுப் பையனின் கட்டிலுக்கு அடியில்தான் தூங்கும். ஞாயிறு தவறாமல் குளியல், வாசனை ஷாம்பு, துடைக்கத் தனித் துண்டு என்று ராஜா மாதிரி வளர்த்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அது சாப்பிடாமல் படுத்துவிட்டது. வயிற்றுக்கோளாறு என்று மோர்சாதம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு காலையில் மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகியது. யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்று அந்த அம்மா அழுதுகொண்டு என்னைக் கூப்பிட்டார். போய் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்துக் கிடந்தது. அடிவயிற்றில் குத்துக் குத்தாகச் சிவப்புப் புள்ளிகள். காது மடலைத் திருப்பினால் உள்மடிப்பில் கொத்தாக உண்ணி.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். இரத்தப் பரிசோதனையில் எர்லிச்சியா என்று வந்தது. உண்ணி கடிக்கும்போது இரத்தத்துக்குள் போகிற கிருமி அது. வெள்ளை அணுக்களுக்குள் புகுந்துகொள்ளும். அதனால் இரத்தம் உறைவதற்குத் தேவையான தட்டணுக்கள் குறைந்துபோகும். மூக்கில் இரத்தம் வந்தது அதனால்தான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சுமார் நான்கு வாரம் விடாமல் கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். விலை அதிகமில்லாத மாத்திரைதான். முற்றிவிட்டால் எலும்பு மஜ்ஜையே இரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும். அந்த நாய் அந்த நிலைக்குப் போயிருந்தது. பிழைக்கவில்லை.

அந்த வீட்டார் அசுத்தமானவர்கள் இல்லை. அவர்கள் அளவுக்கு நாயை நேசித்தவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. ஷாம்பு வாங்கத் தெரிந்தவர்களுக்கு, காது மடலைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தங்கள் இணைப்பிதழ் போன்ற இடங்களில்தான் அது வந்திருக்க வேண்டும். என் ஆதங்கமே அதுதான்.

இதேபோல் பபேசியா என்று இன்னொரு கிருமியும் உண்ணியால் வருகிறது. அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். நாய் சோர்ந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். நாய் ஒருவேளை சாப்பிடவில்லை, உடம்பு சுடுகிறது, நேற்று உண்ணி பார்த்தோம் என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். போகும்போது உண்ணி இருந்ததை நீங்களாகவே சொல்லுங்கள். பலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்துக் காலி மனையில் ஒரு நடை நடந்து வந்தாலே ஏறிக்கொள்ளும்.

உண்ணியை ஒழிக்க வேண்டுமானால் அது வாழும் விதம் தெரிய வேண்டும். நம் ஊர் நாய்களிடம் பெரும்பாலும் இருப்பது பழுப்பு உண்ணி. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறு கால்தான். கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அது நாய்மேல் ஏறி இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். எங்காவது ஒளிந்து தோலுரித்து, எட்டுக் காலோடு மறுபடி ஏறும், குடிக்கும், விழும். மூன்றாவது முறை ஏறுவதுதான் வளர்ந்த உண்ணி. பெண் உண்ணி ஆமணக்கு விதை மாதிரி உப்பிப் போய் விழுந்து, சுவர் இடுக்கில் நுழைந்து நாலாயிரம் வரை முட்டையிட்டுவிட்டுச் சாகும். ஆக, நாய் உடம்பில் நாம் பார்க்கிற நாலைந்து உண்ணிகள், வீட்டில் இருப்பவற்றில் ஒரு சிறு பங்குதான். மற்றதெல்லாம் படி இடுக்கிலும், கதவு நிலையிலும், சுவர் விரிசலிலும், சுவரில் மாட்டிய காலண்டருக்குப் பின்னாலும் இருக்கிறது. அதற்கு மேல்நோக்கி ஏறுகிற குணம் உண்டு. தரையை எவ்வளவு கழுவினாலும் சுவரில் இருப்பது அப்படியே இருக்கும். இரத்தம் குடிக்காமலே பல மாதம் காத்திருக்கவும் அதனால் முடியும்.

இதனால்தான், வேன் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போன மறுவாரமே உண்ணி திரும்பிவிடுகிறது. அந்த ஷாம்பு மோசம் என்று வேறு ஷாம்பு வாங்குகிறார்கள். ஷாம்பு மேல் தப்பில்லை. நாய் அதே சாக்கில், அதே சுவரோரத்தில்தானே போய்ப் படுக்கிறது?

நான் சொல்வது இதுதான். நாய் படுக்கும் சாக்கையோ பழைய சேலையையோ வாரம் ஒரு முறை கொதிக்கும் நீரில் முக்கி எடுத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். சாக்கு என்றால் மாதம் ஒரு முறை மாற்றிவிடுவதே மேல். அந்த இடத்துச் சுவர் விரிசலைச் சிமெண்டு வைத்துப் பூசுங்கள். பழைய வீடானால் சுண்ணாம்பு அடியுங்கள். நாய்க்கு உண்ணி மருந்தை டாக்டரிடம் கேட்டு, எடைக்குத் தகுந்த அளவில் வாங்குங்கள். கழுத்துக்குப் பின்னால் தோலில் விடுகிற சொட்டு மருந்தும் இருக்கிறது, மென்று தின்கிற மாத்திரையும் இருக்கிறது. மாத்திரைகளில் சில ஒரு மாதம், சில மூன்று மாதம் வேலை செய்யும். சொட்டு மருந்து விட்டால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. இதைச் சொல்லாமல் விடுவதால் எத்தனையோ பேர் மருந்தை விட்டுவிட்டு மறுநாள் சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறார்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை. உண்ணியின் அந்த மூன்று சுற்றும் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை விடாமல் செய்ய வேண்டும்.

ஒட்டியிருக்கும் உண்ணியை எடுக்க ஒரு சின்ன இடுக்கி போதும். தோலை ஒட்டினாற்போல் அதன் வாய்ப் பக்கத்தைப் பிடித்து, திருகாமல், நேராக, நிதானமாக இழுங்கள். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள், காலால் தேய்க்காதீர்கள். ஊதுபத்தியால் சுடுவது, மண்ணெண்ணெய் தொட்டு வைப்பது எல்லாம் நாய்க்குத்தான் காயம்.

மண்ணெண்ணெய் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். மருந்தகத்தில் நான் பார்த்து மனம் பதைத்த நாய்கள் பெரும்பாலும் நோயால் வந்தவை அல்ல, வைத்தியத்தால் வந்தவை. சொறி பிடித்த நாய்க்கு லாரி செட்டில் வாங்கிய கழிவு ஆயிலைப் பூசுவார்கள். அது தோலைப் பொசுக்கும். நாய் நக்கினால் வயிற்றுக்கும் ஈரலுக்கும் கேடு. கக்கூஸ் கழுவுகிற பினாயிலைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவார்கள். பினாயிலில் இருப்பது தோல் வழியாகவே உள்ளே இறங்குகிற விஷம். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை அளவு பார்க்காமல் ஊற்றிவிட்டு, எச்சில் ஒழுக, உடம்பு நடுங்கத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அதே ரக மருந்துகளில் நாய்க்கு ஒத்துக்கொள்கிற சில, வீட்டில் இருக்கும் பூனையைக் கொன்றே விடும். சொறிக்கும் பூச்சிக்கும் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியை டாக்டர் அல்லாதவர்கள் போட்டுவிடுவதும் நடக்கிறது. கோலி (Collie) என்ற நாய் போன்ற சில இனங்களுக்கு அந்த மருந்து மூளைக்கே ஏறிவிடும். பாட்டிலில் இருக்கும் மருந்து எந்த விலங்குக்கு, எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி என்பதைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். படித்தும் புரியவில்லை என்றால் மருந்தகத்தில் கேளுங்கள். கேட்பவரை யாரும் விரட்டமாட்டார்கள்.

வேப்பெண்ணெய், குப்பைமேனி, வசம்பு இவற்றை நான் தள்ளிவைக்கவில்லை. எங்கள் அம்மா காலத்திலிருந்து பயன்படுத்துகிறோம், தோல் அரிப்புக்கும் பூச்சியை அண்டவிடாமல் வைப்பதற்கும் ஓரளவு உதவும். கிருமி இரத்தத்தில் இறங்கிய பிறகு மேல்பூச்சை நம்பி நாளைக் கடத்தக் கூடாது, அவ்வளவுதான்.

குளியலுக்கு வருகிறேன். மனிதத் தோல் லேசான அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் கிட்டத்தட்ட நடுநிலை, நம்முடையதைவிட மெல்லியதும்கூட. நமக்கு என்று செய்த சோப்பும் ஷாம்பும் அதற்குப் பொருந்தாது. வெள்ளை நாய் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று துணி சோப்பைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தோலில் இயல்பாக இருக்கும் எண்ணெய்ப்பசை போய்விடும். பொடுகு உதிரும், அரிக்கும், நாய் சொறியும். அழுக்குதான் அரிக்கிறது என்று மறுபடி குளிப்பாட்டுவார்கள், இன்னும் அதிகமாக அரிக்கும். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட நாய்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த முதல் மருந்து, கொஞ்ச நாளைக்குக் குளிப்பாட்டாதீர்கள் என்பதுதான்.

குளிப்பாட்டினால், துவட்டுவதில் அதிக நேரம் செலவிடுங்கள். ரோமம் மேலே காய்ந்திருக்கும், அடிரோமம் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் ஒரே இரவில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் பிடித்து நசநசவென்று நீர் வடியும். கோல்டன் ரெட்ரீவர், லேப்ரடார் போன்றவற்றில் இதை அதிகம் பார்க்கலாம். வெயில் ஏறிய பிறகு குளிப்பாட்டுங்கள், விரலிடுக்கிலும் தொடையிடுக்கிலும் துண்டை விட்டுத் துடையுங்கள், பட்டையை உலர்ந்த பிறகே மாட்டுங்கள். பட்டை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குட்டிக்குக் கட்டிய நைலான் கயிற்றைத் தளர்த்த மறந்து, அது கழுத்துச் சதைக்குள்ளேயே புதைந்து போய் வந்த நாய்களைக் கையில் பிடித்திருக்கிறேன். கயிறு வெளியே தெரியாது, நாற்றம்தான் காட்டிக் கொடுக்கும். தினமும் ஒரு தடவை பட்டையைக் கழற்றுகிற வீட்டில் இது நடக்காது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

சித்திரை பிறந்தால் நாய்க்கு மொட்டையடிக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். பொமரேனியன், ஹஸ்கி, லேப்ரடார் இவற்றுக்கெல்லாம் இரட்டை ரோமம். மேல்ரோமம் வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. நாய் நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்கிற பிராணி இல்லை. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மழித்துவிட்டால் தோல் வெயிலில் வெந்துபோகும். சில நாய்களுக்கு மறுபடி ரோமம் ஒழுங்காக முளைப்பதே இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பொமரேனியனை ஒரு கடையில் ஒட்ட மழித்து அனுப்பினார்கள். முதுகில் ரோமம் திட்டுத்திட்டாகத்தான் வளர்ந்தது. அடிரோமத்தைத் தினம் சீவி எடுத்தாலே காற்று தோல்வரை போகும். நீள ரோமத்துக்குக் கம்பிப்பல் பிரஷ், குட்டை ரோமத்துக்கு ரப்பர் பிரஷ். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சிக்குப் பிடித்திருந்தால் கத்திரியை நேராக விடாதீர்கள். சிக்கும் தோலும் சேர்ந்தே வரும், வெட்டிய பிறகுதான் தெரியும். சிக்குக்கு அடியில் சீப்பைக் கொடுத்துக்கொண்டு அதற்கு மேலே வெட்டுங்கள்.

எங்கள் ஊர் நாயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2005ல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. முதோல், ராம்பூர் நாய்களும் இமயமலை ஆட்டு நாயும் அந்த வரிசையில் இருந்தன. அந்தப் பெருமையைப் பேசுகிற எங்கள் ஊரிலேயே, இந்த நாய்க்குப் பராமரிப்பே தேவையில்லை, குட்டை ரோமம்தானே என்று கட்டிப்போட்டு விடுகிறார்கள். பால்வெள்ளை ரோமம், அதற்கடியில் ரோஜா நிறத் தோல், அதே நிறத்தில் மூக்கு. வெயில் இதன் மூக்கையும் காது நுனியையும்தான் முதலில் தாக்கும். சொறியும் எளிதில் பிடிக்கும். காலையில் பத்து மணிக்கு மேல் நிழலில் கட்டுங்கள். ரப்பர் பிரஷ்ஷால் தினம் தேய்த்துவிட்டால் உதிர்ந்த ரோமமும் தூசியும் அதிலேயே வந்துவிடும், தோலின் எண்ணெய் ரோமம் முழுவதும் பரவிப் பளபளப்பாகும். முத்துவை இப்படித்தான் வைத்திருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் என்ன ஷாம்பு என்று கேட்கிறார்கள்.

நாட்டு நாய் வளர்ப்பவர்களும் இதைத் தங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். உண்ணிக்கு எந்த இனம் என்ற கணக்கெல்லாம் இல்லை. குளியல் வேனைக் கூப்பிட வசதி இல்லாதவர்களும் ஒரு சீப்பும் இடுக்கியும் வாங்கிவிட முடியும்.

நகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காட்டில் மேட்டில் ஓடித் திரிந்தால் நகம் தானே தேயும். டைல்ஸ் தரையில் நாளெல்லாம் கிடக்கும் நாய்க்குத் தேயாது. நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் வெட்டும் காலம் வந்துவிட்டது. தரையைத் தொடாமல் காலின் உள்பக்கத்தில் மேலே இருக்கும் நகத்தை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அது வளைந்து வளர்ந்து சதைக்குள்ளேயே குத்தி, சீழ் பிடித்து நொண்டிக்கொண்டு வரும். நகத்துக்குள் இரத்த நாளம் ஓடுகிறது. வெள்ளை நகத்தில் சிவப்பாகத் தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நுனியை மட்டும் வெட்டுங்கள். இரத்தம் வந்துவிட்டால் படிகாரத் தூளை வைத்து அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும்.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், பட்ஸ் விடாதீர்கள். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்ளே மடங்குகிறது, பட்ஸ் அழுக்கை இன்னும் உள்ளேதான் தள்ளும். தலையை ஓயாமல் உதறினாலோ, காதில் புளித்த வாடை வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். உதறி உதறியே மடலுக்குள் இரத்தம் கட்டி வீங்கிவிடுகிற நாய்கள் உண்டு. பல் துலக்க நம்முடைய பேஸ்ட் ஆகாது, நாய்க்கு என்றே விற்கிறது. சில மனித பேஸ்ட்டுகளில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தச் சுத்தம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். சொறிப் பூச்சியும் படர்தாமரையும் நாயிடமிருந்து நமக்கு ஒட்டிக்கொள்ளும். நாயின் மலம் கிடந்த மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சு இருக்கும், வெறுங்காலோடு விளையாடும் பிள்ளையின் தோலுக்குள் புகுந்து கோடு கோடாக ஊரும். பெரிய நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து கொடுங்கள். குட்டிகளுக்கு இன்னும் அடிக்கடி தேவை, டாக்டர் சொல்வார். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வருடா வருடம் போட்டுவிடுங்கள். அதே சமயம் வீண் பயமும் வேண்டாம். ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் பற்றிச் செய்தி வந்தபோது எங்கள் பகுதியில் சிலர் வீட்டு நாயை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அந்தக் காய்ச்சலைப் பரப்புவது புதரிலும் புல்லிலும் இருக்கும் வேறொரு சிற்றுயிரின் குஞ்சு, நாயிடம் நாம் பார்க்கிற இந்த உண்ணி இல்லை. பாவம் அந்த நாய்கள். செய்தி போடும்போது இதையும் ஒரு வரி சேர்த்துப் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி என் கோரிக்கைகள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 28, உலக வெறிநாய்க்கடி நோய் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருந்தகங்களில் இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கிறது. வரிசையில் நாயைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வெகுநேரம் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டு, உண்ணி எடுப்பது, நகம் வெட்டுவது, காது பார்ப்பது இந்த மூன்றையும் செய்து காட்டினால் போதும். என்னைப் போல் ஓய்வு பெற்ற உதவியாளர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். கூப்பிட்டால் சம்பளம் கேட்காமல் வருவோம். கால்நடை பராமரிப்புத் துறை இதை யோசிக்க வேண்டும்.

நாய்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறவர்கள் வேலைக்கு எடுக்கும் பிள்ளைகளுக்கு, கத்திரியைக் கொடுப்பதற்கு முன் தோல் நோயையும் உண்ணியையும் அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க வேண்டும். எங்களுக்குப் பக்கம் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதுபோன்ற கல்லூரிகள் இவர்களுக்குச் சில நாள் பயிற்சி வைத்தால் பெரிய உதவியாக இருக்கும். ஒரு நாயின் உடம்பு முழுவதையும் கையால் தொடுகிற வேலை அவர்களுடையது. காது மடலில் உண்ணியைப் பார்த்ததும் வீட்டுக்காரரிடம் டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாலே எத்தனையோ உயிர் பிழைக்கும்.

தங்களிடம் கேட்பது, அதே இணைப்பிதழில் மாதம் ஒரு முறை அரைப் பக்கம். ஒரு கால்நடை மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் முதல் கட்டுரை உண்ணியைப் பற்றி வரட்டும். உண்ணி எடுக்கும் விதத்தைப் படமாகப் போடுங்கள், கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். எங்கள் தெருவுக்குத் தேவையான பிரதிகளை நானே வாங்கிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை பராமரிப்பு உதவியாளர்,
ராஜபாளையம்.